மூன்று சாவி ரூட்டர்

கெடா மாநிலத்துக் கோலா கெத்தில் ஊரின் ஒன்பதாங்கட்டைத் தோட்ட முன்னாள் குடியிருப்பாளர் நலச் சங்கம், தனது பழைய ரூட்டரை மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பழைய ரூட்டர் நன்றாகத்தான் வேலை செய்தது. அதன் மேல் யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. ஆனால் புக்கிட் செலம்பாவில் இருக்கும் இன்னொரு சங்கம் எட்டு ஆன்டெனாக் கொம்பு வைத்த ரூட்டர் ஒன்று வாங்கி, அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு படம் எடுத்து வாட்சாப்பில் போட்டுவிட்டது. நம்முடையதற்கு இரண்டே கொம்பு. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து தலைவர் பக்கிரிசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"ரெண்டு கொம்ப வச்சிக்கிட்டு எப்படிங்க சமுதாயத்த முன்னேத்துறது?" என்று செயற்குழுவில் கேட்டார்.

இந்தச் சங்கத்துக்குக் கட்டடம் கிடையாது. தோட்டமே கிடையாது. ரப்பர் மரத்தைச் சாய்த்து, தொழிலாளர் லயத்தை இடித்து, அங்கே தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் எழும்பிப் பல வருஷமாகிறது. ஆகவே சங்கத்து ரூட்டர் பாக்கார் ஆராங்கில் ரூபினியின் வீட்டில் இருந்தது. ரூபினி சுங்கைப்பட்டாணியில் மின்னணுச் சிப்பு செய்யும் பேக்டரியில் டெக்னிசியன். கம்ப்யூட்டர் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக அவளைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவியாகப் போட்டிருந்தார்கள். பிரிவில் வேறு ஆள் கிடையாது. அவள் வீட்டு ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் சர்வர். முந்நூறு சொச்சம் தோட்டக் குடும்பங்களின் பிறப்புச் சூராட், பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட், தோட்டத்து ஆஸ்பத்திரி அட்டை எல்லாம் படமாக அதற்குள் இருந்தன. லிங்கைத் தட்டினால் உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் திறக்கும்.

அசல் காகிதங்கள் எங்கே என்று கேட்கிறீர்களா? பழைய பேப்பர்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போன வருஷம் சங்கம் 'காகிதமில்லாச் சங்கம்' என்று தன்னைத்தானே பிரகடனம் செய்துகொண்டது. லாரிக்கு முன்னால் நின்று தலைவர் கொடி அசைத்த படம்கூட இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரூபினி வீட்டு ஹாலில் 'ரூட்டர் மாற்று விழா' இனிதே நடந்தேறியது. வாசலில் பேனர். பேனரில் தலைவர் முகம் முக்கால்வாசி, ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ரூட்டர். புதுக் கார் எடுத்தால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது நம்முடைய வழக்கம். ரூட்டருக்கு டயர் இல்லாத காரணத்தால் எட்டுக் கொம்பிலும் எட்டுப் பழத்தைக் குத்தி வைத்தார்கள். தலைவருக்குச் செயலாளர் பொன்னாடை போர்த்தினார். செயலாளருக்குத் தலைவர் போர்த்தினார். பொருளாளர் சுகுமாரன் முறை வந்தபோது பொன்னாடை தீர்ந்துவிட்டது. ரூட்டருக்குப் போர்த்தியதைக் கழற்றி அவருக்குப் போட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

பழைய ரூட்டரைக் குப்பையில் வீச யாருக்கும் மனசு வரவில்லை. "இத்தன வருஷம் நமக்காக ஒழச்ச ஜீவன்" என்றார் தலைவர். உடைந்துபோன சாமி படத்துக்கு என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். மஞ்சள் துணியில் சுற்றி, கற்பூரம் காட்டி, கெத்தில் ஆற்றில் விட்டுவிட்டார்கள்.

அடுத்து, புது ரூட்டரின் செட்டிங்கைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு. தானே ஒன்று போட்டுக்கொள்வதாக ரூபினி சொன்னாள். ஹாலில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தப்பா நெனச்சுக்காத தங்கச்சி" என்றார் செயலாளர் காளிதாசன். அவர் ரிட்டாயரான தோட்டத்துக் கெராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. யாராவது தும்மினால்கூட மணி பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறவர். "பொதுச் சொத்து ஒரே ஆள் கையில இருக்கப்படாது. கோயில் உண்டியலுக்கு எத்தன சாவி?"

"மூணு" என்றார் தலைவர்.

"யார் யார்கிட்ட இருக்கும்?"

"தலைவர், செயலாளர், பொருளாளர்."

"அவ்வளவுதான் லா!"

அடடா, என்ன நிர்வாக ஞானம்! பாஸ்வேர்டை மூன்று துண்டாகப் போடுவது என்று முடிவானது. ரூபினியைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டை, தோள் துண்டுக்குள் கையை மறைத்துத் தட்டினார்கள். தட்டி முடித்ததும் காளிதாசன் ரூட்டரின் முதுகில் ஒரு காகிதத்தை ஒட்டி, அதன் மேல் சங்கத்து வட்ட முத்திரைச் சாப்பைக் குத்தினார். அந்தக் காகிதம் சரியாக ரீசெட் ஓட்டையின் மேல் போய் உட்கார்ந்தது.

"என் வீட்டு ஹாலு, என் வீட்டுக் கரண்டு, என்னயே சொவத்தப் பாத்து நிக்கச் சொல்றாங்க" என்று ரூபினி அம்மாவிடம் புலம்பினாள். அம்மா விழாவுக்கு வந்தவர்களுக்கு மீஹூன் பரிமாறிக்கொண்டிருந்தார், காதில் வாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ரூபினி வேலை முடிந்து வந்தபோது வாசலில் பாப்பம்மா நின்றிருந்தாள்.

பாப்பம்மா ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவள். வயது அறுபத்தொன்று. கையில் இருப்பது சிவப்பு ஐசி. அதாவது, இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்கிற அட்டை. பிறந்ததை அவள் அப்பா நேரத்தோடு பதியாமல் விட்டதற்கு அவள் இத்தனை காலமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குடியுரிமைக்கான நீல ஐசிக்கு எழுதிப் போட்ட விண்ணப்பப் பாரங்களை அடுக்கினால் கட்டிலுக்குக் கால் வைக்கலாம். போன தடவை ஆறு வருஷம் காத்திருந்து, 'ஆதாரம் போதவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

இந்தத் தடவை அந்த இலாகா முழுக்க டிஜிட்டலாகிவிட்டது. இலாகாவின் பெயர் வேண்டாம், சொன்னால் அதற்கும் ஒரு பாரம் நிரப்பச் சொல்வார்கள். இனிமேல் காகிதம் வாங்க மாட்டார்களாம். பென்டிரைவ் கொடுத்தால் வைரஸாம். ஆதாரம் லிங்காகத்தான் வரவேண்டுமாம். பாப்பம்மாவின் லிங்கை மூன்று மாதத்துக்கு முன்பே சிஸ்டத்தில் ஏற்றியாயிற்று. ஏற்றிய லிங்கை மாற்ற முடியாது. மாற்றினால் அது புது மனு. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆறாம் நம்பர் கவுண்டரில் அந்த லிங்கைத் தட்டுவார்கள். திறந்தால் பைல் மேலே போகும், திறக்காவிட்டால் மூடிவிடுவார்கள்.

"ரூபி, அந்த லிங்கு தொறக்க மாட்டுது. சுத்திக்கிட்டே கெடக்கு" என்றாள் பாப்பம்மா. "நேத்துக் காலையில வரைக்கும் தொறந்துச்சு."

ரூபினி உள்ளே போய்ப் பார்த்தாள். கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. லயத்தை இடித்துத் தாமான் கட்டியபோது என்ன ஆனது? ரோட்டுப் பேர், வீட்டு நம்பர் எல்லாம் மாறி, கடிதம் பழைய விலாசத்தைத் தேடி அலைந்தது. அதே கதைதான். பழைய ரூட்டர் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு ஒரு மாதிரி நம்பர் கொடுத்திருந்தது, புதியது வேறு மாதிரி கொடுக்கிறது. சர்வர் இன்னும் பழைய நம்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் புது நம்பருக்கு மாற்றினாள். வீட்டுக்குள்ளிருந்து தட்டினால் இப்போது திறந்தது. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்களை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரூட்டருக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பாஸ்வேர்டு வேண்டும்.

தலைவருக்குப் போன் போட்டாள். அவர் உடனே காரை எடுத்துக்கொண்டு வந்து, ஹாலில் உட்கார்ந்து, தன் போனில் தட்டிப் பார்த்தார்.

"தொறக்குதே மா! வேல செய்யுதே! எட்டுக் கொம்புன்னா சும்மாவா?"

"தலைவரே, நீங்க என் வீட்டு வைபைல இருக்கீங்க. அதான் தொறக்குது. வெளியேர்ந்து தொறக்காது."

"அப்படின்னா அந்த ஆபீசர இங்க வரச் சொல்லிர்றேன். ஒரு தேத்தண்ணி குடுத்துப் பேசிருவோம்."

"கவுண்டர்ல இருக்குற ஆபீசர் எப்படித் தலைவரே எங்க வீட்டுக்கு வருவாங்க? ஒங்க துண்டச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

தலைவர் பதறிப்போனார். "என் துண்ட நான் மட்டும் தனியாச் சொல்றதா? மத்த ரெண்டு பேரும் இல்லாம? நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா என் மானம் போயிரும்!"

செவ்வாய்க்கிழமை காளிதாசனிடம் போனாள். அவர் எழுத்துமூலம் விண்ணப்பம் கேட்டார், மூன்று நகல்களோடு. காகிதமில்லாச் சங்கமாயிற்றே என்று ரூபினி நினைவூட்டினாள். "விண்ணப்பத்துக்கு மட்டும் காகிதம் உண்டு" என்றார். அங்கிருந்து சுகுமாரனிடம் போனாள். அவர் கதவைப் பாதிதான் திறந்தார். "ரூட்டருக்குப் போட்டத அவுத்து எனக்குப் போடுறானுங்க. அந்தத் தலைவன் இருக்குற எடத்துக்கு நான் வரமாட்டேன்னு போய்ச் சொல்லு."

புதன்கிழமை சாயங்காலம் ஒரு ரொட்டிச்சானாய்க் கடையில் அவசரக் கூட்டம் கூடியது. பொருளாளர் வந்தார், ஆனால் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். பாப்பம்மாவின் விஷயத்தை ரூபினி எடுத்து வைத்தாள். காளிதாசன் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"இந்த விவகாரத்த இந்தக் கூட்டத்துல பேச முடியாது. பாப்பம்மா நம்ம சங்கத்து உறுப்பினர் கெடையாது."

"என்னாது? எத்தன வருஷமா சங்கத்து விருந்துக்கெல்லாம் அவங்கதானே சமைக்கிறாங்க?"

"சமைக்கலாம். அதுக்கு விதியில தடை இல்ல. ஆனா உறுப்பினராகணும்னா நீல ஐசி நகல் வைக்கணும். விதி நாலு."

"நீல ஐசி கெடைக்கத்தான் இந்த லிங்கு வேணும்ணே!"

"கெடைச்ச பெறவு உறுப்பினராயிட்டு வரட்டும். அப்ப முதல் விஷயமா எடுத்துப் பேசிருவோம்."

ரூபினிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவர்கள் எல்லாரும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். எழுந்து நின்றாள்.

"சர்வர் என் வீட்டுல இருக்கு. கரண்டு என் கரண்டு. தலைவரோட விழாப் படம் நாலாயிரமும் அதுக்குள்ளதான் இருக்கு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மூணு பேரும் வரல, சுவிட்ச அடைச்சிருவேன். அவ்வளவுதான்."

நாலாயிரம் படம் என்றதும் தலைவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு மூவரும் வந்துவிட்டார்கள். பாப்பம்மா நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து, இலாகாவுக்குப் போகத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தாள். தலைவர் தன் துண்டைத் தட்டினார். அடுத்துச் செயலாளர், அதற்கடுத்துப் பொருளாளர். 'தவறு' என்றது ரூட்டர்.

"நாந்தான் மொதல்ல தட்டுனேன்" என்றார் சுகுமாரன். "இவரு அப்ப படத்துக்குப் போஸ் குடுத்துக்கிட்டு இருந்தாரு."

"தலைவன் இருக்கும்போது பொருளாளர் எப்படிய்யா மொதல்ல தட்டுவான்?"

"வரிசை முறைப்படி செயலாளர்தான் முதலில் கையொப்பமிடுவது வழக்கம்" என்றார் காளிதாசன்.

மூன்று துண்டை ஆறு விதமாகத்தான் அடுக்க முடியும். ஐந்து விதமாக அடுக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வாக்குவாதம், ஒரு ஆட்சேபணை. ஆறாவது விதத்துக்குக் கையை ஓங்கியபோது ரூட்டர் கதவைச் சாத்திக்கொண்டது. ஐந்து முறை தவறிவிட்டதால் இருபத்து நாலு மணி நேரம் கழித்து முயலவும் என்றது. மணி ஒன்பதரை.

"வேற வழியே இல்லியா ரூபி?" என்று பாப்பம்மா கேட்டாள்.

"முதுகுல ஒரு ஓட்டை இருக்கு அத்தை. குத்துனா எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசா எந்திரிக்கும். பெறவு நான் பாத்துக்குவேன். ஆனா அது மேலதான் சங்கத்துச் சாப்பு ஒட்டியிருக்கு."

காளிதாசன் விரலைத் தூக்கினார். "விதி பத்தொம்பது. சங்க முத்திரையைச் சேதப்படுத்தும் உறுப்பினர் எவராயினும் உடனடியாக நீக்கப்படுவார்."

"உறுப்பினர்னுதானே போட்டிருக்கு?" என்றாள் பாப்பம்மா.

"ஆமா."

"நாந்தான் உறுப்பினர் இல்லியே."

மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். அதற்குள் அவள் தோளில் சேலைக்குக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, காகிதத்தோடு சேர்த்து ஓட்டைக்குள் ஒரே குத்து. ரூட்டரின் விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன. ரூபினி உட்கார்ந்தாள். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. வெளியே ரோட்டில் நின்று, வைபையை அணைத்துவிட்டு, பாப்பம்மா தன் போனில் லிங்கைத் தட்டினாள். அவளுடைய பிறப்புச் சூராட் திறந்தது. "ஐயோ, வந்திருச்சு லா!" என்று ரோட்டிலேயே கத்திவிட்டாள்.

பதினொரு மணிக்கு ஆறாம் நம்பர் கவுண்டரில் இருந்த புவான், அதாவது ஆபீசர் அம்மா, லிங்கைத் தட்டினார். திறந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், தலையை ஆட்டினார். ரூபினி பெருமூச்சு விடப் போனாள்.

"நல்லாத் தெளிவா இருக்கு" என்றார் புவான் மலாயில். "ஆனா இது வெறும் படம்தானே? இந்தப் படத்துல பேரு இருக்குற ஆள் இவங்கதான்னு யார் சொல்றது? தோட்டத்துச் சங்கம் ஏதாவது இருந்தா, ஒரு அத்தாட்சிச் சூராட் வாங்கிட்டு வாங்க. சாப்பு இருக்கணும். மூணு கையெழுத்து இருந்தா ரொம்ப நல்லது."

"காகிதம் வாங்க மாட்டோம்னு சொன்னீங்களே?"

"சூராட் காகிதம் இல்ல. சூராட் சூராட்தான். அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் பைலத் தொறந்து வைக்கிறேன்."

சங்கத்திடம் கேட்டார்கள். உறுப்பினர்களுக்கு மட்டுமே சூராட் கொடுக்க முடியும் என்று காளிதாசன் வருத்தத்துடன் தெரிவித்தார். அவருக்கு அப்போது வேறு கவலை. முத்திரை உடைந்திருக்கிறது, உடைத்த ஆளைத் தண்டிக்க விதி இல்லை. சங்கத்தின் வரலாற்றிலேயே இப்படி ஒரு சட்டச் சிக்கல் வந்ததில்லை. விஷயம் புக்கிட் செலம்பாவ் வரைக்கும் போய், அங்கே சிரிக்கிறார்கள் என்று தலைவர் காதுக்கு வந்துவிட்டது.

"அந்தம்மாவ நீக்கியே ஆகணும்!" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

"உள்ள இருந்தாத்தானே தலைவரே நீக்க முடியும்?" என்றார் சுகுமாரன். முதல் தடவையாக அவர் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப மொதல்ல உள்ள சேத்துக்குங்கய்யா!"

ஞாயிற்றுக்கிழமை சிறப்புப் பொதுக்கூட்டம். பத்து நாற்பத்திரண்டுக்கு, விதி நாலைத் தளர்த்தி, பாப்பம்மா உறுப்பினராக ஏகமனதாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டாள். பத்து நாற்பத்தேழுக்கு ஏகமனதாக நீக்கப்பட்டாள். அந்த ஐந்து நிமிஷமும் அவள் பின்னால் நின்று சட்டியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். நீக்கக் கடிதத்தைக் காளிதாசன் மலாயில், தன் கெராணி உத்தியோக காலத்து நடையெல்லாம் போட்டு எழுதினார். இன்ன வருஷம் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவரும், இன்னாரின் மகளும், அத்தோட்டத்திலேயே வளர்ந்து வேலை செய்தவரும், இச்சங்கத்தின் உறுப்பினருமாகிய பாப்பம்மா, முத்திரைச் சேதக் குற்றத்துக்காக நீக்கப்படுகிறார். மூன்று கையெழுத்து. வட்டச் சாப்பு.

ரூபினி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை புவான் அதைக் கடைசி வரி வரை வாசித்தார்.

"உங்கள நீக்கிட்டாங்களா?"

"ஆமா புவான்" என்றாள் பாப்பம்மா.

"இல்லாத ஆளயா நீக்குவாங்க?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புவான் தன் சாப்பை எடுத்து 'லெங்காப்' என்று ஓங்கிக் குத்தினார். எல்லாம் பூர்த்தி என்று அர்த்தம். பைல் மேலே போனது. அந்த ஒரு வார்த்தையைப் பார்க்கத்தான் பாப்பம்மா பாதி ஆயுளைக் கழித்திருந்தாள். கவுண்டர் முன்னாலேயே அழுதாள். ரூபினிக்கும் அடக்க முடியவில்லை. அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள், அதனால் நகர்ந்து போய் அழுதார்கள்.

சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? ஞாயிற்றுக்கிழமை காலை ரூபினி வீட்டு வாசலில் சிவப்பு ஐசியோடு பதினாலு பேர் நின்றார்கள். "தலைவரே, எங்களயும் நீக்குங்க" என்று ஒரே குரல். தலைவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பூரித்துப்போனார். கெடா மாநிலத்தில் வேறு எந்தச் சங்கம் ஒரே நாளில் பதினாலு பேரை நீக்கியிருக்கிறது? அங்கேயே 'நீக்கப் பிரிவு' உதயமானது. மேசையும் நாற்காலியும் கார் நிறுத்தும் இடத்தில் போடப்பட்டன. பிரிவுத் தலைவி ரூபினி. வட்டச் சாப்பையும் அவள் கையிலேயே கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டபோது, நல்ல காரியத்துக்குத்தானே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காளிதாசன் பாரம் தயார் செய்திருந்தார். உறுப்பினர் பாரத்தில் 'சேர' என்பதை அடித்து 'நீங்க' என்று எழுதிய பாரம் அது. ஏழாவது கட்டத்தில் நீல ஐசி நகல் கேட்டிருந்தது.

"அண்ணே, இது இருந்தா இவங்க ஏன் இங்க வர்றாங்க? இத எடுத்துருங்க."

"ஒரு தடவதான் தளர்த்தினோம் தங்கச்சி. நிரந்தரமாத் தளர்த்தணும்னா ஆண்டுக் கூட்டம் வரணும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பதினாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு பேர் வரிசையைத் தாண்டி வந்தார்கள், ஒருவர் பாரத்தைத் தலைகீழாக நிரப்பியிருந்தார். ரூபினிக்கு மத்தியான ஷிப்டுக்குப் போக வேண்டும். இவ்வளவு சொல்லியும் ஒழுங்காக நிரப்பத் தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது. "வரிசையா வாங்க! மூணு நகல் வச்சிருக்கீங்களா? இல்லாதவங்க பின்னால போங்க!" என்று அதட்டினாள். கூட்டம் அடங்கியது. முதல் ஆளாகப் பிரேமாவதி என்பவள் வந்து பாரத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். கித்தா மரத்தில் பால் வெட்டிக் காய்த்துப்போன கை. ரூபினி பாரத்தை மேலிருந்து கீழே ஒரு நோட்டம் விட்டாள். சாப்பை மைப்பெட்டியில் அமுக்கினாள், பிறகு கையை நிறுத்திக்கொண்டாள்.

"ஏழாவது கட்டம் காலியா இருக்கே அக்கா" என்றாள். "நெரப்பிட்டு அடுத்த வாரம் வாங்க."